இங்கு ‘மேலது’ அடித்துத் தரப்படமாட்டாது

எங்கள் கடைச் சுவரில் மூன்று அறிவிப்புகள் உண்டு. செருப்பை வெளியே விடவும். பென்டிரைவில் வைரஸ் இருந்தால் நாங்கள் பொறுப்பல்ல. இங்கு ‘மேலது’ அடித்துத் தரப்படமாட்டாது. முதல் இரண்டையும் யாரும் மதிப்பதில்லை. மூன்றாவதை மட்டும், ஆதார் அட்டையை நகலெடுக்க வந்தவர்கள்கூட நின்று படித்துவிட்டு, “அது இன்னாங்க மேலது?” என்று கேட்காமல் போவதில்லை.

நான் அந்தக் கடையை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் இடத்தில் இப்போது இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். போன வாரம் அதில் ஒருத்தி போன் செய்தாள். “விஜயாக்கா, ஒரு நாளைக்கு பத்து பேருக்கு பதில் சொல்ல முடியல. அந்தக் கதைய நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. பக்கத்துல ஒட்டிடறோம்” என்றாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை. எழுதிவிட்டேன். ஆனால் சுவரில் இடம் போதுமா என்று தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு, அதற்கு மேல் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர். என் படிப்பு அவ்வளவுதான். கல்லூரிக்குப் போகிற சாலையில் ஏகாம்பரம் அண்ணன் டைப்பிங் சென்டர் வைத்திருந்தார். முதல் நாள் என்னை உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்.

“இங்க ஒரே சட்டம்தாம்மா. படிக்கப்படாது. அடிக்கணும்.”

எனக்குப் புரியவில்லை.

“உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்துச்சு. ஒரு தீசிஸை அடிக்கறேன்னு படிச்சிட்டு, தலைவி பாவம்ணான்னு அழுதுச்சு. அழுதாலும் பரவால்ல. நாலு பக்கம் விட்டுடுச்சு.”

அவரும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. அவர் கையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, இடதுபக்க ஓரம் பைண்டிங்குக்குப் போதுமா, அடிக்குறிப்புக்கு மேலே போட்ட கோடு நேராக இருக்கிறதா என்று அளப்பார். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். பைண்டிங் முடிந்து வந்ததும், ஆய்வேட்டின் ஒரு பக்க அட்டையை மட்டும் பிடித்துத் தூக்கி மூன்று முறை உதறுவார். ஏழு வருஷ உழைப்பைக் காதைப் பிடித்துத் தூக்குவதுபோல் இருக்கும். எதிரே நிற்கிற ஆய்வாளருக்கு முகம் வெளுத்துவிடும். ஒரு தாளும் விழவில்லை என்றால், “ம், டாக்டர் ஆயிடுவீங்க” என்பார். அதுதான் அவருடைய ஆசீர்வாதம்.

எங்களிடம் வருவதில் பாதிக்கு மேல் சங்க இலக்கிய ஆய்வேடுகள். சங்க இலக்கியத்தில் பூ, சங்க இலக்கியத்தில் யானை, சங்க இலக்கியத்தில் சாப்பாடு, சங்க இலக்கியத்தில் கூந்தல். சங்க இலக்கியத்தில் என்ன இல்லை என்று யாராவது ஆராய்ந்து நான் இதுவரை அடித்ததில்லை.

இந்த ஆய்வேடுகளில் அடிக்குறிப்புதான் பெரிய வேலை. ஒரு பாட்டிலிருந்து இரண்டு வரியை எடுத்துக் காட்டினால், அது எந்த நூல், யார் பதிப்பித்தது, எந்தப் பக்கம் என்று அந்தத் தாளின் அடியில் போட வேண்டும். அடுத்த வரியும் அதே நூலிலிருந்து வந்தால் மறுபடி முழுவதையும் எழுதத் தேவையில்லை. ‘மேலது, ப. 31’ என்று போட்டால் போதும். மேலே சொன்ன அதே நூல், பக்கம் முப்பத்தொன்று என்று பொருள். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர், பேர் கேட்டால், “முன்னாடி நிக்கறவர் வீடுதாங்க நாங்களும்” என்று சொல்வதுபோல. முன்னாடி நிற்பவர் மாறாமல் இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை.

அடிக்குறிப்புக்கு அண்ணன் ஒரு விளக்கம் வைத்திருந்தார். “அது வீட்டுக்கு வில்லங்கச் சான்று மாதிரி. யாரும் ஆசையா படிக்கமாட்டாங்க. ஆனா இல்லன்னா வீடு உன்னுதில்ல.”

இதைக் கடைசிவரை புரிந்துகொள்ளாதவர்களும் வந்தார்கள். ஒருவர் ஆய்வேடு முழுவதையும் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி நின்றார். “அண்ணா, துணைநூல் பட்டியல் கொஞ்சம் கம்மியா இருக்கு. வேற யாருக்காச்சும் அடிச்ச பட்டியல்ல ஜாஸ்தியா இருந்தா நாலு பக்கம் சேத்துக் குடுங்களேன்.”

“ஏம்பா, ஓட்டல்ல இன்னும் கொஞ்சம் சட்னின்னு கேக்கறாப்ல கேக்கற?”

“எல்லாரும் படிக்கற புக்குதானேண்ணா.”

“அப்ப நீயும் படிச்சிட்டு வா.”

அவர் வேறு கடைக்குப் போனார். அங்கே சட்னி கிடைத்தது என்று கேள்வி.

கலைவாணி அப்படிப்பட்டவள் இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம். ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்தாள். அவள் எடுத்துக்கொண்ட பொருள், சங்கப் பாடல்களில் மழைக்குறிகள். மழை வரப்போகிறது என்பதை அந்தக் காலத்துக் கவிகள் எதையெதைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்து, என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் அடிக்க அடிக்க வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கையில் தாளே தேவைப்படாது. ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியிருந்தாள். இனி நீட்டிப்பு கிடையாது. ஜூன் மாதத்துக்குள் பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளமாட்டோம் என்று கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் இயல் முழுக்க ஒரே தொகை நூலைப் பற்றியது. முதல் அடிக்குறிப்பில் நூலின் முழு விவரம். அதற்குப் பிறகு எல்லாம் மேலது, மேலது, மேலதுதான். இயலின் கடைசியில் ஒரு கள ஆய்வு. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கிற முனுசாமி என்பவர் சொன்னது. தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை. டீ ஆற்றிக்கொண்டே இந்த இரண்டைத்தான் அவர் சொன்னார். அதற்கும் முறையாக ஒரு அடிக்குறிப்பு: ‘முனுசாமி, வயது 62, தேநீர்க் கடை, அடி அண்ணாமலை, நேர்காணல்.’

பைண்டிங்குக்குக் கொடுக்கிற அன்று காலையில் கலைவாணி ஓடிவந்தாள். அவளுடைய நெறியாளர், அதாவது வழிகாட்டுகிற பேராசிரியர், போன் செய்திருக்கிறார். வெளியூரிலிருந்து வரப்போகிற தேர்வாளருக்குக் கள ஆய்வு என்றால் உயிராம். யாரோ நெறியாளரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“அக்கா, முனுசாமி பத்திய அப்டியே தூக்கி இயல் ஆரம்பத்துல வெச்சிடுங்க. முதல் பத்திக்கு அடுத்தாப்ல. அது ஒண்ணுதான்.”

தூக்கி வைத்தேன். அடிக்குறிப்பு எண்களைக் கம்ப்யூட்டர் தானே மாற்றிக்கொண்டது. அண்ணன் ஸ்கேலை வைத்து அளந்தார். ஓரம் சரியாக இருந்தது. கோடு நேராக இருந்தது. உதறினார். தாள் விழவில்லை.

வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தது. பொது வாய்மொழித் தேர்வு என்று அதற்குப் பெயர். யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம் என்று கல்லூரிப் பலகையில் ஒட்டுவார்கள். கேட்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வாளரே நாலைந்து சுலபமான கேள்விகளைத் துண்டுச் சீட்டில் அடித்து, தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அவர்கள் அப்போதுதான் தோன்றியதுபோல் எழுந்து கேட்பார்கள். இந்தச் சீட்டுகளையும் நாங்கள்தான் அடித்துக் கத்தரித்துக் கொடுப்போம். கலைவாணி அதில் ஒன்றை என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“நீங்க கேளுங்கக்கா.”

“நானா? ஐயோ! நான் வெறும் டைப்பிங்மா.”

“பொதுமக்கள்தானே கேக்கணும்? எனக்குத் தெரிஞ்ச பொதுமக்கள் நீங்கதான்.”

தேர்வன்று நானும் அண்ணனும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேசையில் பொன்னாடைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வெளியே கேசரி வாசனை வந்தது. முனுசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தார். தன் பெயர் அச்சில் வந்த புத்தகத்துக்கு விழா என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

கலைவாணி அரைமணி நேரம் நன்றாகப் பேசினாள். வெளியூர்த் தேர்வாளர் ஒல்லியாக, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும் ஆய்வேட்டைத் திறந்தார்.

“மூன்றாம் இயல். கடல்ல தண்ணிய மொண்டுக்கிட்டு மேகம் மலை ஏறுதுன்னு ஒரு வரி. அடிக்குறிப்பு என்னம்மா?”

“மேலது, பக்கம் இருபத்தேழு, ஐயா.”

“மேல என்ன இருக்கு?”

“மேலது, பக்கம் இருபத்துநாலு.”

“இன்னும் மேல போங்க.”

அவள் மேலே போனாள். ஒரு தாளை முன்பக்கம் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகப் படித்தாள். “முனுசாமி, வயது அறுபத்திரண்டு, தேநீர்க் கடை, அடி அண்ணாமலை.”

தன் பெயரைக் கேட்டதும் முனுசாமி எழுந்து கும்பிட்டார். “வணக்கங்க.”

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “மேகம் கடல்ல தண்ணி மொண்டுக்கிட்டுப் போகுதுன்னு நீங்க சொன்னீங்களா?”

முனுசாமி கலைவாணியைப் பார்த்தார். அவள் இல்லை என்பதுபோல் லேசாகத் தலையாட்டினாள். கைவிட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சுவதாக அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

“நான்தாங்க சொன்னேன்.”

“கடலப் பாத்திருக்கீங்களா?”

“பாண்டிச்சேரில ரெண்டு வாட்டி பாத்துக்கினு வந்தேங்க.”

“யானைக் கூட்டம் மாதிரி மேகம் வருதுன்னு, பக்கம் முப்பத்தொன்று?”

“அதுவும் நான்தாங்க.”

“உங்களுக்கு இத்தனை பக்கம் இருக்கறது உங்களுக்கே தெரியுமா? சரி, பக்கம் நாற்பத்துநாலு. கார்காலம் வந்துடுச்சு, வரேன்னு சொன்னவரு வரல, ஏக்கத்துல மெலிஞ்சு என் கைவளை கழண்டு விழுதுன்னு ஒரு பொண்ணு அழுவுறா. அதுவும் முனுசாமின்னு இருக்கு.”

முனுசாமி தடுமாறினார். ஆனால் வாக்குக் கொடுத்தவர் பின்வாங்கவில்லை. “அதுவும்… எப்பனா ஒரு வாட்டி சொல்லியிருப்பேங்க.”

பக்கத்திலிருந்த மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “யாராண்ட சொன்ன நீ? என்கிட்ட சொல்லலயே!”

அரங்கமே சிரித்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை.

“சிரிக்க ஒண்ணுமில்ல. இந்த வரியெல்லாம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இந்தம்மாவுக்குத் தெரியுமாங்கறதுதான் என் கேள்வி. மூல நூலைத் தொடாம, வேற யாரோ எழுதினதுல இருந்து எடுத்துப் போட்டா இப்படித்தான் வரும். திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பறதத் தவிர எனக்கு வழியில்ல.”

மறுபடி சமர்ப்பிக்க ஆறு மாதமாவது ஆகும். கலைவாணிக்கு ஜூனுக்கு அப்புறம் மாதமே கிடையாது. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நெறியாளர் பதறி எழுந்து, “ஐயா, ஐயா, இப்ப பொதுமக்கள் கேள்வி நேரம்! பொதுமக்கள் கேளுங்க!” என்று கத்தினார்.

சீட்டு வைத்திருந்த பொதுமக்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

என் காதருகே அண்ணன் முணுமுணுத்தார். “விஜயா, அந்தப் பத்தியத் தூக்கி முன்னாடி வெச்சமே, அதானா இது?”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வரிசையில் முன்னால் நின்ற ஆள் மாறிவிட்டார். நூல் நின்ற இடத்தில் முனுசாமி நிற்கிறார். பின்னால் இருக்கிற மேலதுகள் எல்லாம் அவர் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன.

“கேசரிகூட வேணாம்மா. மெதுவா எழுந்து போயிடலாம்” என்றார் அண்ணன்.

நான் எழுந்தேன். போவதற்குத்தான் எழுந்தேனா, சொல்வதற்கு எழுந்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. நாற்காலி பெரிய சத்தம் போட்டது. எல்லோரும் திரும்பினார்கள். பத்தி மாறிவிட்டது ஐயா, அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தேன். நாக்கு வழக்கம்போல் மேலே போய் ஒட்டிக்கொண்டது. தேர்வாளர் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்து, “ஏதோ எழுதி வெச்சிருக்கீங்களே, கேளுங்கம்மா” என்றார். எழுதியிருப்பதைப் படிக்க என்னால் முடியும். படித்தேன்.

“கேள்வி நான்கு. இந்த ஆய்வில் தங்களுக்கு மிகவும் கடினமாக இருந்த பகுதி எது?”

“முதல் மூணு கேள்வியும் யார் யார் கையில இருக்கு?” என்று தேர்வாளர் கேட்டார். நாலாவது வரிசையில் ஒருவர் சீட்டைச் சட்டைப்பைக்குள் திணித்தார். அதைப் பார்த்த தேர்வாளரின் உதடு முதல் தடவையாகக் கொஞ்சம் கோணியது. “சரி, பதில் சொல்லுங்கம்மா. நல்ல கேள்விதான்.”

அந்தக் கேள்விக்கு ‘கள ஆய்வுக்குச் சென்றுவந்ததே’ என்று ஒரு பதிலையும் நானே அடித்துக் கொடுத்திருந்தேன். கலைவாணி அதைச் சொல்லவில்லை.

“மேலதுதான் ஐயா கஷ்டம்” என்றாள். “முனுசாமி ஐயா சொன்ன பத்தி கடைசில இருந்துச்சு. பைண்டிங்குக்குப் போற அன்னிக்கு முன்னாடி கொண்டுவந்து வெச்சேன். எண் மாறிச்சு. மேலதெல்லாம் எதச் சொல்லுதுன்னு நான் பாக்கல. மூலத்தப் படிச்சேனான்னு கேட்டீங்க. புத்தகத்த மூடிக்குங்க ஐயா. எந்த வரிய வேணும்னாலும் கேளுங்க.”

தேர்வாளர் மூடவில்லை. அவர் திறந்து வைத்துக்கொண்டார். அவள்தான் தன் கையிலிருந்த படியை மூடினாள். கடல் மேகத்தைக் கேட்டார். எத்தனையாவது பாட்டு, எத்தனையாவது அடி, யார் யாரிடம் சொல்வது என்று சொன்னாள். யானை மேகத்தைக் கேட்டார். சொன்னாள். வளையலைக் கேட்டார். அது தோழியிடம் தலைவி சொன்னது என்று சொல்லிவிட்டு, கேட்காத அடுத்த இரண்டு அடியையும் சேர்த்துச் சொன்னாள். அவர் வேகமாகக் கேட்க ஆரம்பித்தார். அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து என் பக்கத்தில் முணுமுணுப்பதுபோலவே சொல்லிக்கொண்டு போனாள்.

கடைசியாக அவர் குரலை மாற்றாமல், செய்யுள் படிக்கிற ராகத்திலேயே கேட்டார். “சிற்றெறும்பு தன் முட்டையைச் சுமந்து மேட்டு நிலம் நோக்கிப் போதல். இது எந்தப் பாட்டு?”

கலைவாணி வாய்க்குள் பாட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்துவிட்டாள்.

“அது பாட்டுல இல்லீங்க ஐயா. அத மட்டும் நிஜமாவே அவர்தான் சொன்னாரு.”

தேர்வாளர் ஆய்வேட்டை மூடினார். “இது ஒண்ணுதான் உங்க ஆய்வேட்டுல சரியான அடிக்குறிப்பு. திருத்தப் பட்டியல் தயார் பண்ணி எல்லாப் படிகளிலயும் ஒட்டுங்க. ஒட்டின படியை எனக்கும் அனுப்புங்க. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்” என்றார்.

கை தட்டினார்கள். அண்ணன் உட்கார்ந்துகொண்டு, “கேசரி சாப்பிட்டே போலாம்” என்றார். முனுசாமி மட்டும் கை தட்டவில்லை. எழுந்து நின்று கேட்டார்.

“அப்ப மத்ததெல்லாம் என் பேர்ல இருக்காதுங்களா?”

“இருக்காதுங்க. அதச் சொன்னவங்க வேற ஆளுங்க” என்றார் தேர்வாளர்.

“அவுங்க வந்திருக்காங்களா?”

“இல்லீங்க.”

“பாத்தீங்களா. நான் வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தேர்வாளர் எழுந்து வந்தார். பொன்னாடைகளில் ஒன்றை எடுத்து முனுசாமிக்குப் போர்த்தினார்.

திருத்தப் பட்டியலை நான்தான் அடித்தேன். முனுசாமி என்று தவறாக ஆகிப்போன ஒவ்வொரு இடத்திலும் நூலின் முழு விவரத்தையும் திரும்பத் திரும்ப அடித்து, எல்லாப் படிகளிலும் ஒட்டினேன். தப்பு யாருடையது என்று அண்ணனும் நெறியாளரும் போனில் நெடுநேரம் பேசினார்கள். முன்னாடி வை என்று சொன்னவரா, வைத்தவரா, அளந்தவரா என்பது இன்னும் முடிவாகவில்லை. மறுநாளே அண்ணன் அந்த மூன்றாவது அறிவிப்பைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டார். எங்கள் கடையில் அடிக்கிற ஆய்வேடுகளில் நூலின் பெயர் ஒவ்வொரு முறையும் முழுசாக வரும். பக்கம் கூடுகிறதே என்று யாராவது சண்டைக்கு வந்தால் பலகையைக் காட்டுவார். அவருடைய சட்டத்திலும் ஒரு சின்னத் திருத்தம் செய்தார். “கோட்டுக்கு மேல படிக்கப்படாது. கோட்டுக்குக் கீழ படிக்கலாம்.”

கலைவாணிக்கு ஜூனில் வேலை நிலைத்தது. ஒரு பை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் வேகவைத்துத் தரச் சொல்லி, அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்தார்.

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். அடி அண்ணாமலை வந்ததும் கழுத்து வலித்தது. டீக்கடை ஒன்றில் உட்கார்ந்தேன். முனுசாமி கடை என்பது பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. கல்லாவுக்கு மேலே சாமி படங்களுக்கு நடுவில் லாமினேட் செய்த ஒரு தாள் தொங்கியது. திருத்தப் பட்டியல் ஒட்டுவதற்கு முன்பிருந்த ஆய்வேட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸ். கலைவாணிதான் கொடுத்திருக்க வேண்டும். முனுசாமி வெளியூர்க்காரர்கள் நாலு பேருக்கு அதை விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இது நானு. இதுக்குக் கீழ மேலது மேலதுன்னு போட்டிருக்குதுல்ல, அதுவும் நானு. மொத்தமும் நானு.”

“என்ன சொல்லியிருக்கீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“மேகம், யானை, அப்புறம் பொண்ணு ஒண்ணு வளையல் கழண்டு போச்சுன்னு அழுவும் பாருங்க, அதுகூட நான்தான்.”

அடுப்பில் பால் பொங்கியது. அவர் மனைவி துணியால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி வெறுங்கையை நீட்டிக் காட்டினார்.

“கழண்டு போச்சுன்னு சொன்னாரே, அப்புறம் வாங்கிக் குடுத்தாரான்னு கேளுங்க.”